எங்கள் பிரிவுக்கு வெளியே

காரைக்குடி மேற்கில் மீட்டர் கணக்கெடுக்கிறவன் நான்.
இருபத்திரண்டு வருடம்
படியேறிப் படியிறங்கிய கால்.
பழனி ஒன்றும் தூரமில்லை என்றேன்.
என்ன வேண்டுதல் என்றார்கள் ஆபீசில்.
லீவு மிச்சம் இருந்தது,
அவ்வளவுதான்.

குன்றக்குடியில் காவடிகள் கிளம்பியதும்
மடை திறந்தாற்போல் போனது கூட்டம்.
ஒரு பையன் ஓடிவந்து என் பையின் முதுகில்
ஒளிர்பட்டை ஒட்டினான், கேட்காமலே.
அதற்குப் பிறகு யாருக்கும் முகம் இல்லை.
லாரி வெளிச்சத்தில் மினுங்கி அணைந்தன
நூறு ஆரஞ்சுக் கோடுகள்.

மற்றவர்கள் மைல்கல் பார்த்தார்கள்.
நான் மின்கம்பம் எண்ணினேன்.
கம்பத்தில் பெயின்ட்டில் எழுதிய எண்கள்
இருட்டிலும் எனக்குப் புரியும்.
ஐம்பத்தாறு அறை கொண்ட வீட்டில்
ஓடாமல் நிற்கும் மீட்டரைப் பார்த்து
டோர்லாக் என்று எழுதி
அடுத்த தெருவுக்குப் போகிறவன் அல்லவா.

மருதிப்பட்டிப் பள்ளிக்கூட வராந்தாவில்
குதிகாலில் புளியங்கொட்டை அளவு கொப்புளம்.
தேவகோட்டை சிகப்பி பார்த்துவிட்டாள்.
பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள்.
செருப்பு, சாலை, எலுமிச்சைச் சோற்றின் உப்பு,
முருகன் ஏன் இத்தனை தள்ளிப் போய் உட்கார்ந்தான்,
எல்லாவற்றின் மேலும் புகார்.
புருவம் எடுக்கும் நூலை ஊசியில் கோத்து
கொப்புளத்தின் ஊடே ஓட்டி
நூலை உள்ளேயே விட்டு அறுத்தாள்.
"தண்ணி அதுவா கசியும், பிடுங்கிறாதீங்க.
புருவத்துக்கு முப்பது ரூபா வாங்குவேன்.
இது அவன் கணக்கு."

சேவுகன் பேசவே இல்லை, வெகுதூரம் வரை.
பொன்னமராவதியில் டயர் கடை.
எங்களைக் கடந்து ஒரு பஸ் போனதும்
திரும்பிப் பார்க்காமல் சொன்னார்:
"பின் இடது. காத்து கம்மி."
அடுத்து வேன். "இது நல்லாருக்கு."
அப்படியே விடிய விடிய
ஊர் உலகத்தின் சக்கரங்களைக் கேட்டபடி
என் நொண்டலுக்குத் தக்கபடி
தன் நடையைக் குறைத்துக்கொண்டு வந்தார்.
அது எனக்குத் தெரிந்தது
அவர் இல்லாமல் நடந்தபோதுதான்.

சிங்கம்புணரிக்கு இந்தப் பக்கம்
சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.
அவருக்கு போன் வந்தது.
"ம்" என்றார். கொஞ்சம் விட்டு, "ம்".
காப்பியைக் கீழே ஊற்றாமல்
பக்கத்தில் நின்ற சிறுமியிடம் கொடுத்தார்.
இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து
என் கையில் வைத்து மூடினார்.
"உண்டியல்ல போட்டுருங்க."
"என்னன்னு சொல்லிப் போட?"
"சொல்ல வேண்டாம், அவருக்குத் தெரியும்."
நாலு அடி போய் நின்றார்.
"தெரியாட்டியும் போடுங்க."

அரோகரா என்று வந்துகொண்டிருந்த கூட்டத்துக்குள்
எதிராகப் போனார்.
காவடிகள் விலகி வழி விட்டன.
எதிரே வந்தவர்களுக்கெல்லாம்
அவர் முகம் தெரிந்திருக்கும்.
எனக்கு முதுகுப் பட்டைதான்,
ஒரு லாரி வெளிச்சம் தீரும் வரை.

"டயர்க்காரர் எங்கண்ணே?" என்றாள் சிகப்பி.
சொன்னேன்.
அதன்பின் இரண்டு கிலோமீட்டருக்கு
எதைப் பற்றியும் புகார் இல்லை.
முடிச்சைக் கேட்டு வாங்கி
உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.
"காசு இல்ல. வேற என்னமோ."
பிரிக்கலாமா என்று இரண்டு பேருமே நினைத்தோம்.
திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

சமுத்திராபட்டிச் சாலையில்
கம்பங்களின் எண் மாறிவிட்டது.
வேறு பிரிவு, வேறு கணக்கு,
எந்த எழுத்து எந்த ஊர் என்று
எனக்குப் பிடிபடவில்லை.
எண்ணுவதை நிறுத்தினேன்.
சட்டைப் பையில் முடிச்சு
ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை
விலாவில் தட்டிக்கொண்டு வந்தது.

வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று கடந்தது.
"பின் வலது, காத்து கம்மி" என்றேன்.
சிகப்பி நின்று காது கொடுத்தாள்.
"அப்படியா?"
சும்மா சொன்னேன்.
எனக்கு எப்படித் தெரியும்.